ஆன்-லைனில் சேலை வாங்குறீங்களா? விற்கிறது யாருன்னு முதல்ல பாருங்க!

தீபாவளிக்கு துணி எடுக்க ரங்கநாதன் தெருவில் முண்டியடித்தது ஒரு காலம். இப்போது செல்போனை தட்டினால் சேலை வீடு தேடி வருகிறது. வசதிதான். ஆனால் சாயம் போனால்? சைஸ் மாறி வந்தால்? தெருக்கடை என்றால் நேரில் போய் "என்னண்ணே இப்படி குடுத்துட்டீங்க?" என்று சண்டை போடலாம். ஆன்-லைனில் யார் சட்டையை பிடிப்பது? இங்கேதான் பலபேர் கோட்டை விடுகிறார்கள்.

புத்தகத்தில் ஆரம்பித்த வியாபாரம்

1995-ல் அமெரிக்காவில் ஜெப் பெசோசின் அமேசான் புத்தகம் விற்க தொடங்கியது. அதே ஆண்டு ஆளுக்கு ஆள் பொருள் விற்கும் இ-பே வந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்ததும் அதே 1995-ல்தான்.

நம்ம ஜனங்களை ஆன்-லைன் பக்கம் இழுத்தது ரெயில் டிக்கெட். 2002-ல் ஐ.ஆர்.சி.டி.சி. டிக்கெட் விற்பனையை தொடங்கியது. ஆரம்பத்தில் டிக்கெட் கூரியரில்தான் வீட்டுக்கு வந்தது!

2007-ல் பெங்களூரில் பிளிப்கார்ட் பிறந்தது. இதுவும் புத்தகக்கடைதான். கிரெடிட் கார்டு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அதற்காக 2010-ல் 'பொருள் வந்ததும் காசு' திட்டத்தை கொண்டு வந்தது. வியாபாரம் சூடு பிடித்தது. 2013-ல் அமேசான் இந்தியாவுக்கு வந்தது. 2016-ல் யு.பி.ஐ. வந்ததும் பெட்டிக்கடை வரை செல்போன் பணம் பரவியது.

மூணு வகை

கம்பெனியே சரக்கு வாங்கி வைத்து விற்பது முதல் வகை. இரண்டாவது 'மார்க்கெட் பிளேஸ்', அதாவது சந்தை. கம்பெனி இடம் மட்டும் கொடுக்கும். விற்பது வேறு வியாபாரி. மூன்றாவது, வாட்ஸ்-அப், இன்ஸ்டாகிராமில் தனி ஆட்கள் விற்பது.

வெளிநாட்டு பணத்தில் நடக்கும் கம்பெனி இங்கே சந்தை மட்டும்தான் நடத்தலாம், சொந்த சரக்கை விற்கக்கூடாது என்று 2016-ல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. சிறு கடைக்காரர்கள் பிழைக்க வேண்டுமே என்பதுதான் காரணம். 2018-ல் அமெரிக்காவின் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து பிளிப்கார்ட்டின் 77 சதவீத பங்கை வாங்கியது. 2019 பிப்ரவரியில் விதி இன்னும் இறுகியது. சந்தை நடத்தும் கம்பெனி, தான் பங்கு வைத்துள்ள வியாபாரி மூலம் அங்கே விற்கவும் தடை வந்தது.

கடைக்காரருக்கு இது பாதுகாப்பு. வாங்குபவருக்கு? கத்தரிக்காய் சொத்தை என்றால் சந்தை குத்தகைக்காரர் "நான் விக்கலையே" என்பார். அதே கதைதான் இங்கேயும். அட்டைப்பெட்டி மேல் பெரிய கம்பெனி பேர் இருக்கும். பில்லில் இருப்பதோ யாரோ ஒரு வியாபாரி பேர்.

சட்டம் கையில் இருக்கு

இதற்காகவே 2020 ஜூலையில் புதிய நுகர்வோர் விதிகள் வந்தன. விற்பவரின் பெயர், முகவரி, பொருள் தயாரான நாடு எல்லாம் காட்ட வேண்டும். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் கிடைத்ததாக கம்பெனி பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பழுதான பொருள், போலி பொருளை திருப்பி வாங்க விற்பவர் மறுக்கக்கூடாது.

அப்படியும் கேட்கவில்லையா? 1915-க்கு போன் போடலாம். சொந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கு போடலாம். பொருள் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தனையும் பலிக்க, விற்றவர் யார் என்று தெரிய வேண்டும். பேரும் முகவரியும் இல்லாமல் "முதல்ல ஜிபே பண்ணுங்க" என்று சொல்லும் மூன்றாவது வகையில்தான் ஆபத்து அதிகம். ஆள் யாரென்றே தெரியாவிட்டால் யார் மேல் புகார் கொடுப்பது?

அதனால் விலையை பார்க்கும் முன் விற்பவர் பெயரை பாருங்க. பில்லை பத்திரப்படுத்துங்க. பார்சலை பிரிக்கும்போது செல்போனில் வீடியோ எடுங்க. உழைச்ச காசு ஒரு தட்டில் போயிடக்கூடாது இல்லையா?