கருவூலம் நமது, கதவு யாருடையது?

“பள்ளி எங்களுடையது. ஆசிரியரை அமர்த்துவது எங்கள் உரிமை. பிள்ளைகளைச் சேர்ப்பது எங்கள் விருப்பம். சம்பளப் பட்டியலை மட்டும் மாதந்தோறும் சர்க்காருக்கு அனுப்பி வைக்கிறோம். மறுக்காமல் பணம் தரவேண்டும். மறந்தும் கேள்வி கேட்கலாகாது!”

தனியார் கல்வி நிலையங்களின் அதிபர்கள் இப்படி வாய்விட்டுச் சொல்வதில்லை. கல்விப்பணி என்பார்கள், அறப்பணி என்பார்கள், ஆண்டவன் பணி என்றும் சொல்வார்கள். சொற்களின் மெருகைச் சற்றே சுரண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது இதுதான் என்கிறோம். உழவன் வாங்கும் தீப்பெட்டியிலும் நெசவாளி வாங்கும் நூலிலும் வரியாகத் திரண்ட பணம், ஒரு மடத்தின் பள்ளிக்கோ ஒரு சபையின் பள்ளிக்கோ ஒரு சாதிச் சங்கத்தின் பள்ளிக்கோ போய்ச் சேருகிறது. சேரட்டும்; ஆனால் சேர்ந்த இடத்தில் அந்த உழவன் மகனுக்கு, அந்த நெசவாளி மகளுக்கு என்ன உரிமை? இதுவே நமது கேள்வி.

கேள்வி புதிதன்று. நூறாண்டுகளுக்கு முன் சேரன்மாதேவியில் எழுந்த கேள்வி. திருநெல்வேலிச் சீமையின் அந்த ஊரில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். ஐயர் கற்றவர், நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தேசியக் கல்வி என்ற பெயரால் நன்கொடை திரட்டப்பட்டது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தர ஒப்பி, முதற்கண் 5,000 ரூபாயைத் தந்தது. வசூலில் சாதி பார்க்கப்படவில்லை, பந்தியில் பார்க்கப்பட்டது! பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனி இடம், ஏனையோருக்கு வேறு இடம். 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் பெரியாரும் டாக்டர் வரதராசலு நாயுடுவும் கிளப்பிய கிளர்ச்சியில் நாடே அதிர்ந்தது. சில பெற்றோர்க்கு வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று சமாதானம் கூறப்பட்டது. பெற்றோர்க்குக் கொடுத்த வாக்கு பெரிதென்றால், ஊரார் பணத்தை வாங்கியபோது ஊராருக்குக் கொடுத்த வாக்கு எங்கே போயிற்று?

அன்று பணம் கட்சியுடையது. இன்று அது கருவூலத்தினுடையது, தொகையோ பன்மடங்கு. தமிழ்நாட்டில் மட்டும் 8,000க்கு மேற்பட்ட உதவி பெறும் பள்ளிகள் உள்ளன. ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்கிறது. தாளாளர் நாற்காலியோ தந்தைக்குப் பின் தனயன் என்று பல இடங்களில் கைமாறுகிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது? அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு, முழுதும் அரசுப் பணத்தால் நடத்தப்படும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்கிறது. வாசகர்கள் ‘முழுதும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். யானை நுழையும் வாயில் அது! கட்டடம் எங்களுடையது, ஊதியம்தான் உங்களுடையது. ஆகவே ‘முழுதும்’ அரசுப் பணம் ஆகாது. ஆகவே போதனை நடக்கும் என்று வாதிக்கலாம். உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் இசைவின்றிப் பிள்ளையை மத போதனைக்கு உட்படுத்தலாகாது என்று அதே பிரிவு காவலும் வைத்திருக்கிறது. வைத்தவர்கள் நல்லவர்களே. ஆனால் ஊரில் இருப்பது அந்த ஒரே பள்ளி. கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய், தாளாளர் முன் நின்று, “என் பிள்ளை உங்கள் பிரார்த்தனைக்கு வரமாட்டான்” என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதே வாயிலில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாளா? இசைவு என்பது, மறுக்க முடிந்தவனிடம் கேட்க வேண்டிய ஒன்றல்லவா!

இதற்கு மறுமொழியாக வரலாற்றை நீட்டுவார்கள். மிஷனரிகள் வந்திராவிட்டால் ஒடுக்கப்பட்டவன் எழுத்தறிந்திருப்பானா என்பார்கள். அதில் உண்மை உண்டு. அக்கிரகாரம் பூட்டிய கதவுகளில் சிலவற்றைப் பாதிரிமார் திறந்தனர். விருதுநகரை எடுத்துக்கொள்வோம். 1889இல் அங்கே தோன்றிய சத்திரிய வித்யாசாலா பிடியரிசியால் வளர்ந்த பள்ளி. அடுப்பில் உலை வைக்குமுன் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அந்த அரிசி பள்ளியாயிற்று. அந்தப் பள்ளியில் படித்தவர் காமராசர். எவர் அவர்களைக் குறை சொல்ல முடியும்? கை நீட்டாமல் கட்டிய பள்ளி அது. நம் வழக்கு பிடியரிசி கொடுத்தவர்கள்மேல் அன்று. அந்தப் புண்ணியத்தை முதலாக வைத்து, பிறர் அரிசியில் பொங்கித் தாமே பரிமாறி, தமக்கு வேண்டியவர்க்கே அகப்பையை ஓங்கும் பிற்காலத்தார்மேல்தான்.

இதற்கு முடிவு கட்ட ஒரு முயற்சி நடந்ததுண்டு, அண்டையிலுள்ள கேரளத்தில். 1957இல் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி ஒரு மசோதா கொண்டு வந்தார். ஆசிரியர் ஊதியத்தை அரசே நேராக ஆசிரியர் கையில் தரும்; பணம் அரசுடையதாகையால் தேர்வாணையப் பட்டியலிலிருந்தே ஆசிரியர்களை அமர்த்த வேண்டும். இவ்வளவுதான். வந்ததே கோபம்! ஒன்றாக உட்கார்ந்து உண்ணாதவர்கள் எல்லாம் ஒரே மேடையில் வீற்றிருந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் மன்னத்து பத்மநாபனின் நாயர் சேவைச் சங்கமும் தோளோடு தோள் நின்றன. வேதம் வேறு, வழிபாடு வேறு. நியமன அதிகாரம் என்றதும் அத்வைதம் பிறந்துவிட்டது! 1959 ஜூலை 31இல் அந்த ஆட்சியே கலைக்கப்பட்டது. இன்றும் கேரளத்து உதவி பெறும் பள்ளிகளில் ஊதியம் தருவது அரசு, நியமிப்பது மானேஜர். ஆசிரியர் பணியில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இட ஒதுக்கீடு இல்லை. அவர்கள் தரும் வரிக்கு மட்டும் விதிவிலக்கு இல்லை!

சிறுபான்மையினர் உரிமையைப் பறிக்கப் பார்க்கிறீர்களா என்று சிலர் நம்மைக் கேட்கக்கூடும். இல்லை. 30ஆம் பிரிவு தரும் உரிமையை எந்தப் பெரும்பான்மை வெறியனும் தீண்ட நாம் ஒப்போம். மடத்தின் பள்ளிக்கு என்ன நிபந்தனையோ, அதுவே மதரசாவுக்கும், அதுவே மிஷன் பள்ளிக்கும் என்கிறோம். அதே கேரள மசோதாவைப் பற்றி 1958இல் கருத்துரைத்த உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் உரிமையைப் போற்றியது. ஆனால் நிர்வகிக்கும் உரிமையில் நிர்வாகத்தைச் சீர்கெடுக்கும் உரிமை அடங்காது என்றும் சொல்லிற்று.

சீர்கேடு எதுவரை போகும் என்பதைக் கும்பகோணம் அறியும். 2004 ஜூலை 16. ஒரே வளாகத்தில் மூன்று பள்ளிகள்; அவற்றில் ஒன்று உதவி பெறும் பள்ளி. மேலே கூரை, கீழே அடுப்பு. 94 குழந்தைகள் கரிக்கட்டையானார்கள். மேலும் எழுத நமக்குக் கை வரவில்லை.

மானியத்துக்கு இப்போது இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குத் தரவும், செலவை அரசு ஈடுசெய்யவும் சொல்லுகிறது. பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரை நாம் பழிக்கவில்லை; இருக்கிற உலகில் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆனால் பிள்ளையும் போகிறது, பிள்ளையோடு பணமும் போகிறது. எதிர்த் தெருவிலிருக்கும் அரசுப் பள்ளியில் வருகை குறைகிறது. குறைந்ததைக் காட்டியே பூட்டுப் போடப் பேச்சு எழுகிறது. கர்நாடகம் 2019இல் விழித்துக்கொண்டது: அருகே அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியாருக்கு அந்தப் பணம் இல்லை என்று விதியைத் திருத்திற்று. நாமும் அதைச் செய்தால் என்ன?

கேட்பது மிகையன்று. ஊதியம் அரசுடையதானால் நியமனமும் தேர்வு வாரியத்தின் வழியாக, இட ஒதுக்கீட்டோடு நடக்கட்டும். சேர்க்கைப் பட்டியலும் வரவு செலவும் ஆண்டுதோறும் பள்ளிச் சுவரில் ஒட்டப்படட்டும். மத போதனை வேண்டுமானால் மாலையில், அவரவர் கோயிலில், அவரவர் காசில். ஒப்பாத தாளாளர், “பள்ளியை மூடிவிடுவேன்” என மிரட்டுவார். மூடட்டும். கட்டடமும் பெயர்ப்பலகையும் அவருக்கே இருக்கட்டும். ஊதியத்தை முன்பே நாம்தான் தருகிறோம்; ஆசிரியரையும் பிள்ளைகளையும் அடுத்த தெருவிலுள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவேண்டியதுதான் பாக்கி. அங்கே கூடுதலாக நான்கு வகுப்பறை கட்ட வேண்டியிருக்கும். அந்தச் செலவைச் சட்டமன்றத்தில் வையுங்கள், பேசுவோம்.