பிள்ளைகளே பங்கு வைக்கட்டும்

தீபாவளி வந்தால் எங்கள் சேத்தூர்ப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், லட்டு என்று வீடு நிறைந்துவிடும். ஒரு நாளைக்குச் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரெண்டு லட்டிலேயே அது தாண்டிப் போகும். பூட்டி வைத்தாலோ பிள்ளைகள் திருடித் தின்னப் பழகும்.

அதனால் எங்கள் வீட்டில் பிள்ளைகள்தான் மூணு பங்கு வைக்க வேண்டும். களையெடுக்க வரும் அக்காமாருக்கு ஒண்ணு, சொந்தபந்தத்துக்கு ஒண்ணு, தங்களுக்கு ஒண்ணு. தங்கள் பங்கிலும் நாளைக்கு ஒன்றுதான்.

முதல் வருசம் மகன் உடைந்த லட்டையெல்லாம் அக்காமார் பங்கில் வைத்தான். “ஏலே, விதைக்குச் சொத்தையையா எடுத்துவைப்போம்?” என்றேன். பேசாமல் முழு லட்டாக மாற்றி வைத்தான்.

மிஞ்சியதைக் கொடுப்பது தர்மமில்லை என்று அன்றைக்கே அவனுக்குப் புரிந்தது. இந்தத் தீபாவளிக்கு உங்கள் வீட்டிலும் டப்பாவைப் பிள்ளைகளிடமே கொடுத்துப் பாருங்கள்.