ரத்தத்துக்கு வவுச்சர் எங்கே?

முதலில் மூன்று கேள்விகள். பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்து எழுதக் கூடாது.

ஒன்று, நம் ரத்தத்தில் ஒரு சிவப்பணுவின் ஆயுள் எத்தனை நாள்? இரண்டு, 'ட்ராகுலா' நாவலில் லூசி என்கிற பெண்ணுக்கு எத்தனை பேர் ரத்தம் கொடுக்கிறார்கள்? மூன்று, மேரி ஷெல்லியின் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' வெளிவந்த அதே வருஷம், லண்டனில் ரத்தம் சம்பந்தமாக நடந்த காரியம் என்ன?

விடைகள்: சுமார் 120 நாள். நாலு பேர். 1818ல் ஜேம்ஸ் பிளண்டெல் என்ற டாக்டர் மனித ரத்தத்தை இன்னொரு மனிதருக்கு ஏற்றிப் பார்த்தார் (நோயாளி பிழைக்கவில்லை). மூன்றும் சரியென்றால் பாராட்டுக்கள். உங்களுக்கும் என்னைப் போலவே வேலை குறைவு.

இந்தக் கேள்விகளை நான் தயாரித்தது ஒரு கம்பெனிக்காக. ஜூன் 14 உலக ரத்ததான தினம். அன்றைக்கு ஆபீஸிலேயே முகாம், பக்கத்து ஹாலில் க்விஸ். நடத்த என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சன்மானம் ஒரு பொன்னாடை, ஒரு கவர். கவர் மெலிதாக இருந்தது.

"வெறும் ரத்தம்னா பசங்க தூங்கிடுவாங்க சார். கொஞ்சம் பேய்க்கதையும் கலந்துக்குங்க" என்றார் பெர்சனல் மேனேஜர்.

கலந்தேன். கலந்த பிறகுதான் தெரிந்தது, இரண்டும் தனித்தனி சப்ஜெக்டே இல்லை. 'ட்ராகுலா'வை எழுதிய பிராம் ஸ்டோக்கர் லண்டன் லைசியம் தியேட்டரில் மேனேஜர். பகலில் நடிகர் ஹென்றி இர்விங்குக்குக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும், மிச்ச நேரத்தில் ரத்தக் காட்டேரி. (கணக்குப் பார்க்கிறவர்களுக்குக் கற்பனை வராது என்று யார் சொன்னது?) ட்ரான்சில்வேனியாவை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை, எல்லாம் புஸ்தகத்தில் படித்ததுதான். ஆனால் அண்ணன் தார்ன்லி டப்ளினில் சர்ஜன். அதனால் ரத்தம் ஏற்றுகிற விஷயமெல்லாம் கதையில் தைரியமாக வருகிறது.

லூசியை ட்ராகுலா ராத்திரி ராத்திரி வந்து உறிஞ்சிவிட்டுப் போகிறான். காலையில் அவள் வெள்ளைப் பேப்பராகக் கிடக்கிறாள். முதலில் அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை ஆர்தர் ரத்தம் கொடுக்கிறான். பிறகு டாக்டர் சீவர்ட். பிறகு ஹாலந்திலிருந்து வந்த கிழவர் வான் ஹெல்சிங். கடைசியில் டெக்சாஸ்காரன் குவின்ஸி. ஆர்தருக்கு மற்ற மூவர் கொடுத்தது தெரியாது. தன் ரத்தம் அவள் உடம்பில் ஓடுவதால் அவள் தனக்கு மனைவியே ஆகிவிட்டாள் என்று உருகுகிறான். அந்தக் கணக்குப்படி லூசி நாலு பேருக்கு மனைவி, திரௌபதிக்கு ஒன்று குறைவு. இதை நினைத்து வான் ஹெல்சிங் சாவு வீட்டிலிருந்து திரும்பும் வழியில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

இந்த இடத்தில் அக்கவுன்ட்ஸ் டீமிலிருந்து ஒரு பையன் கை தூக்கினான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும்.

"சார், நாலு பேருக்கும் லூசிக்கும் ஒரே க்ரூப்பா?"

நல்ல கேள்வி. கதையில் யாருமே அதைக் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. நாவல் வந்தது 1897. வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர், மனித ரத்தத்தில் வகைகள் உண்டு, ஒன்றோடொன்று சேர்ந்தால் திரிந்துவிடும் என்று கட்டுரை போட்டது 1901. ஏபி வகை அடுத்த வருஷம் வந்தது. அவருக்கு நோபல் பரிசு 1930ல். ஜூன் 14 அவர் பிறந்தநாள், அதனால்தான் ரத்ததான தினம். அதுவரை வான் ஹெல்சிங் பார்த்ததெல்லாம் ஆள் இளசா, பலசாலியா, நல்லவனா என்பதுதான். கிட்டத்தட்டப் பெண் வீட்டார் விசாரிக்கிற மாதிரி.

பி.காம். படித்தவன் சும்மா இருப்பேனா? போர்டில் கணக்கே போட்டுக் காட்டினேன். இங்கிலாந்தில் நூற்றுக்கு சுமார் 45 பேர் ஓ, நாற்பது சொச்சம் பேர் ஏ. அதையே நாலு பேருக்கும் வைத்துக்கொள்வோம். லூசி ஓ என்றால் ஓ ரத்தம் மட்டும்தான் சேரும். நாலு பேரும் ஓ-வாக இருக்க வாய்ப்பு நூற்றில் நாலுதான். அவள் ஏ என்றால் ஏ-யும் சேரும், ஓ-வும் சேரும். அப்போது வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் மேல். ஏபி என்றால் யார் கொடுத்தாலும் சரி. ஆக, லூசி எந்த க்ரூப் என்பதைப் பொறுத்து ட்ராகுலாவுக்கு முன்னால் டாக்டரே அவளை முடித்திருக்கலாம்.

கைதட்டல். அதோடு நிறுத்தியிருக்கலாம். பையன் உட்காரவில்லை.

"உங்க க்ரூப் என்ன சார்?"

"ஓ பாசிட்டிவ்" என்றேன், யோசிக்காமல்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை குடுத்திருக்கீங்க?"

நக்கலாகக் கேட்கவில்லை, பாவம். நிஜமாகவே மரியாதையோடு, பத்து பதினைந்து என்று சொல்வேன் என எதிர்பார்த்துக் கேட்டான்.

எனக்கென்று ஒரு பழைய சாக்கு உண்டு. சில வருஷம் முன்னால் ஒரு நண்பனின் அப்பாவுக்கு ஆபரேஷன். 'ஓ பாசிட்டிவ் வேணும்டா' என்று போன் வந்ததும் ராத்திரி பத்து மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். போவதற்குள் நாலைந்து பேர் கொடுத்தாகிவிட்டது. 'போதும்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு ராத்திரியை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் காலம் தள்ளியாகிவிட்டது. அதையே சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எண்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு தடவைகூட இல்லப்பா" என்றேன்.

க்விஸ் முடிந்ததும் நேரே பக்கத்து அறைக்குப் போனேன். பொன்னாடையோடு.

பாரம் நிரப்பினேன். எடை 45 கிலோவுக்கு மேல் வேண்டும். அது பிரச்னையில்லை, என் விஷயத்தில் எப்போதுமே பிரச்னையில்லை. விரலில் ஒரு குத்து. ஒரு சொட்டு நீலத் திரவத்தில் விழுந்து அடிக்கு இறங்கியது, ஹீமோகுளோபின் போதுமாம். அடுத்து வெள்ளை டைல் மேல் மூன்று சொட்டு. ஒன்றில் நீல மருந்து, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நிறமில்லாதது. குச்சியால் கலக்கினார் டெக்னீஷியன் அம்மா.

நீலத்தில் ரத்தம் வழவழவென்று அப்படியே இருந்தது. மஞ்சளில் திரிந்த பால் மாதிரி துணுக்குத் துணுக்காகப் பிரிந்தது. மூன்றாவதிலும் அப்படியே.

"பி பாசிட்டிவ்" என்றார்.

"இல்லைம்மா, நான் ஓ."

"யார் சொன்னது சார்?"

யார் சொன்னது? அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. லைசென்ஸை எடுத்து நீட்டினேன். அதில் ஓ பாசிட்டிவ் என்றுதான் இருந்தது. அவர் அதைத் தொடவேயில்லை. இன்னொரு டைலில் மறுபடி டெஸ்ட் செய்தார். மறுபடியும் மஞ்சள்தான் திரிந்தது.

ஊசி ஏறியபின் படுத்தபடி யோசித்தேன். லைசென்ஸில் எப்படி வந்தது? நான் எழுதிக் கொடுத்தேன். நான் எதைப் பார்த்து எழுதினேன்? காலேஜ் ஐ.டி. கார்டு. அது? ஸ்கூல் ஐ.டி. கார்டு. ஸ்கூலில்? வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து சொன்னோம். எனக்கு முன்னால் நின்றவன் ஓ பாசிட்டிவ் என்றான். நானும் அதையே சொன்னேன்.

அக்கவுன்டன்ஸியில் இதற்குப் பெயர் 'எரர் ஆஃப் ஒரிஜினல் என்ட்ரி'. முதல் புஸ்தகத்தில் தப்பாக எழுதிவிட்டால் லெட்ஜர், பாலன்ஸ் ஷீட் எல்லாவற்றிலும் அதே தப்பு ஒழுங்காக ஏறும். ட்ரையல் பாலன்ஸ் டாலி ஆகும். அதனால்தான் ஆடிட்டர் கணக்கைப் பார்ப்பதற்கு முன் வவுச்சர் எங்கே என்று கேட்கிறார். இருபது வருஷமாக என் ரத்தத்துக்கு வவுச்சரே இல்லை!

அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில் நான் ஓ என்று சொல்லிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டெக்னீஷியன் அம்மாவிடம் கேட்டேன். என் பி ரத்தம் ஓ க்ரூப் பெரியவருக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

"ஒண்ணும் ஆகியிருக்காது சார். நீங்க சொல்றத நாங்க நம்பவே மாட்டோம். உங்க ரத்தத்தையும் டெஸ்ட் பண்ணுவோம், பேஷன்ட் ரத்தத்தையும் பண்ணுவோம், அப்புறம் ரெண்டையும் சேர்த்து க்ராஸ் மேட்ச் பார்ப்போம். டெஸ்ட்ல ஓன்னே வந்தாலும் சும்மா விட மாட்டோம். பாம்பே க்ரூப்னு ஒண்ணு இருக்கே?"

அது என் க்விஸ்ஸில் பத்தாவது கேள்வி. 1952ல் பம்பாயில் டாக்டர் பெண்டே குழு கண்டுபிடித்தது. சாதாரண டெஸ்டில் ஓ போலவே தெரியும், ஆனால் ஓ ரத்தம்கூட அவர்களுக்குச் சேராது. இதையெல்லாம் மைக் பிடித்துச் சொன்னவன் நான்தான்.

பத்து நிமிஷத்தில் 350 மில்லி. உடம்பில் இருக்கிற சுமார் ஐந்து லிட்டரில் ஒரு சின்ன பங்கு. பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்தார்கள். வெளியே அந்த அக்கவுன்ட்ஸ் பையன் கையில் பஞ்சோடு நின்றுகொண்டிருந்தான்.

"எனக்கும் இதுதான் சார் ஃபர்ஸ்ட் டைம். பயமாயிருந்துச்சு. நீங்க உள்ள போறதப் பார்த்துதான் வந்தேன்."

நான் அவனைப் பார்த்துத்தான் போனேன் என்று சொல்லவில்லை. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி காய் நறுக்கிக்கொண்டே, "என்னங்க, கல்யாணத்துக்கு முன்னாடி உங்க வீட்ல குடுத்த பயோடேட்டால வேற என்னென்ன தப்பு?" என்று கேட்டாள். அதற்கு வவுச்சர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இனி, கடைசிக் கேள்வி. உங்கள் ப்ளட் க்ரூப் என்ன? சட்டென்று பதில் வந்திருக்கும். சரி, அதை டெஸ்ட் பண்ணினது யார், எப்போது?