முட்டையின் எடையும் தூதரக வேலைதான்

2024 கடைசியில் நாமக்கல் முட்டைக்கு வளைகுடாவில் அடுத்தடுத்து இரண்டு அடி விழுந்தது. 60 கிராமுக்குக் குறைந்த முட்டை வேண்டாம் என்றது கத்தார். இந்திய முட்டைக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை ஓமன் நிறுத்தியது. ஓமனின் சொஹார் துறைமுகம் வரை போய்விட்ட சரக்கு இறங்க வழியில்லாமல் நின்றது. மாநிலங்களவை உறுப்பினர் கே.ஆர்.என். ராஜேஷ்குமார் டிசம்பரில் இதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். மத்திய அரசு உடனே பேச வேண்டும் என்று பண்ணைக்காரர்களும் கேட்டார்கள்.

பேசுவது என்றால் யார் பேசுவது? டெல்லியிலிருந்து அமைச்சர் கடிதம் எழுதலாம். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மஸ்கட்டிலும் தோஹாவிலும் உணவுத் துறை, கால்நடைத் துறை அலுவலகங்களின் படியேற வேண்டியவர்கள் இந்தியத் தூதரகத்தின் வணிகப் பிரிவு அதிகாரிகள். எந்த ஆய்வகச் சான்றிதழை ஏற்பார்கள், எந்த அதிகாரியின் மேசையில் கோப்பு கிடக்கிறது, யாருக்குப் போன் செய்தால் நகரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வெளியுறவுப் பணி என்றதும் நம் ஊரில் கோட்டும் சூட்டும், விருந்தும், கொடி கட்டிய காரும்தான் கண்ணில் தெரிகின்றன. சால்மோனெல்லா பரிசோதனை அறிக்கையைத் தூக்கிக்கொண்டு அலையும் அதிகாரியை யாரும் நினைப்பதில்லை.

இந்த வட்டாரத்திலிருந்து தூதராகப் போனவர் என்றால் முதலில் நினைவுக்கு வருகிற பெயர் ப. சுப்பராயன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள குமாரமங்கலத்தின் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். 1949 முதல் 1951 வரை இந்தோனேசியாவில் இந்தியத் தூதர். அவர் போன சமயம் சாதாரணமானதல்ல. டச்சுக்காரர்களுக்கு எதிராக இந்தோனேசியாவை ஆதரித்து நேரு 1949 ஜனவரியில் டெல்லியில் ஆசிய நாடுகளைக் கூட்டியிருந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 27-இல் டச்சு அரசு அதிகாரத்தை ஒப்படைத்தது. அடுத்த மாதமே இந்தோனேசிய அதிபர் சுகர்னோ நம் முதல் குடியரசு நாள் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தார்.

ஆனால், சுப்பராயன் தேர்வெழுதி வந்த அதிகாரி அல்ல, அரசியலிலிருந்து அனுப்பப்பட்டவர். ஆக்ஸ்போர்டு படிப்பும் ஜமீன் செல்வாக்கும் அவருக்கு இருந்தன. கோழிப்பண்ணைக்காரர் மகளுக்கு அந்த வழி இல்லை. அவளுக்கு இருப்பது யு.பி.எஸ்.சி. தேர்வு ஒன்றுதான். அதில் தேறினால் டெல்லியில் உள்ள சுஷ்மா சுவராஜ் வெளியுறவுப் பணிப் பயிற்சி நிறுவனம். பிறகு கட்டாயமாக ஓர் அயல்மொழி. பிறகு ஏதோ ஒரு நாட்டில் மூன்றாம் செயலர். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகள் விடியற்காலையிலேயே விளக்குப் போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் பேர் போனவை. அந்த உழைப்பெல்லாம் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகிறது. வெளியுறவுப் பணி என்று ஒன்று இருப்பதாக அங்கே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்?

அந்த வேலையைச் சர்க்கரை தடவிக் காட்டவும் வேண்டாம். ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒரு நாடு. பிள்ளைகளுக்குப் பள்ளி மாறிக்கொண்டே இருக்கும், கணவனோ மனைவியோ தன் வேலையை விட வேண்டி வரும், ஊரில் பெற்றோர் தனியே மூப்படைவார்கள். பெண்களுக்கு இதற்கு மேலும் சோதனை இருந்தது. சென்னையில் படித்து 1949-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த சி.பி. முத்தம்மாவின் காலத்தில், பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ள அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்று விதியே இருந்தது. ஆணுக்கு அப்படி இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டு அவர் உச்ச நீதிமன்றம் போன பிறகுதான் அரசு இறங்கி வந்தது. 1979-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார்.

தூதரக வேலையில் வணிகம் ஒரு பக்கம்தான். வளைகுடாவில் ஒரு தொழிலாளி இறந்தால் மரணத்தைப் பதிவு செய்து, கடவுச்சீட்டை ரத்து செய்து, தடையின்மைச் சான்று கொடுத்து உடலை ஊருக்கு அனுப்புவதும் தூதரகம்தான். சம்பளம் கொடுக்காத முதலாளி, கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட ஏஜென்ட் என்று வரிசையில் நிற்பவர்களுக்கும் அங்கேதான் பதில் சொல்லியாக வேண்டும். இத்தனைக்கும் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரிகள் மொத்தம் ஆயிரத்தைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். உலகம் முழுக்க ஏறக்குறைய 200 தூதரகங்களையும் துணைத் தூதரகங்களையும் டெல்லித் தலைமையகத்தையும் இவர்களை வைத்தே ஓட்ட வேண்டும். நம்மைப் போன்ற பெரிய நாட்டுக்கு இது மிகக் குறைவு. நாடாளுமன்றக் குழுவே இதைச் சொல்லியிருக்கிறது.

ஆளைக் கூட்டுவதோடு ஒன்றைச் சேர்த்துச் செய்யலாம். வளைகுடாவுக்கு வணிக அதிகாரியாகப் போகிறவரை முதலில் ஒரு வாரம் நாமக்கல்லுக்கு அனுப்புங்கள். பண்ணையில் தீவனம் அரைப்பதிலிருந்து முட்டையைத் தரம் பிரித்து கண்டெய்னரில் ஏற்றுவது வரை பார்க்கட்டும். அப்படியே சேலத்து ஜவ்வரிசி ஆலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் என்று ஒரு சுற்று வரட்டும். மஸ்கட் அதிகாரி கேட்கும் கேள்விக்கு அப்போதுதான் கோப்பைப் புரட்டாமல் பதில் வரும்.

பண்ணைக்காரர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. தூதரால் முட்டையின் எடையைக் கூட்ட முடியாது. ஆன்டிபயாடிக் எச்சம் இல்லை என்பதற்கான பதிவேடு பண்ணையில் இல்லையென்றால், எவ்வளவு திறமையான அதிகாரிக்கும் பேச வாய் இருக்காது. 2025 ஜூனில் நாமக்கல்லிலிருந்து ஒரு கோடி முட்டை 21 கண்டெய்னர்களில் முதன்முறையாக அமெரிக்கா போனது. அப்போது அங்கே பறவைக் காய்ச்சலால் முட்டைத் தட்டுப்பாடு. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. இனி இப்படிப்பட்ட வணிகப் பேச்சுவார்த்தை மேசையில் நமக்காக உட்காருகிறவருக்கு மோகனூர் சாலையின் பண்ணைகளைப் பற்றி என்ன தெரியும் என்று நாமக்கல் கேட்பதில் தப்பே இல்லை.