வெப்பமும் வேண்டும், உறக்கமும் வேண்டும்

குளிர்நாடுகளில் வீடு வாங்கும் எம்மவர்கள் சமையலறையையும் குளியலறையையும் பார்வையிடுவதற்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட, அந்த வீட்டைச் சூடாக்கும் ஏற்பாட்டைப் பார்ப்பதற்குச் செலவிடுவதில்லை. வருடத்தில் ஆறு மாதங்கள் அந்த வீட்டில் வாழமுடிவது அந்த ஏற்பாட்டினால்தான் என்பதை முதலாவது குளிர்காலத்தில்தான் உணர்ந்துகொள்கிறார்கள். வழக்கமாக அரசியல் விவகாரங்களைப் பற்றி எழுதுகின்ற நான், வெப்பமூட்டும் குழாய்களில் பொருத்தப்படுகின்ற ஒரு சிறு கருவியைப் பற்றி எழுதுவது வாசகர்கள் சிலருக்கு வியப்பைத் தரக்கூடும். ஆனால், வீட்டிலுள்ள முதியவர்கள் குளிரில்லாமல் உறங்குவது அந்தக் கருவியைப் பொறுத்ததாக இருக்கிறது என்பதே இதை எழுதத் தூண்டியது.

ரொறன்ரோவின் புறநகர்களில் எமது மக்கள் வாழும் வீடுகளில் பெரும்பாலானவை சூடான காற்றினால் வெப்பமூட்டப்படுபவை. அந்த நகரின் பழைய பகுதிகளிலுள்ள செங்கல் வீடுகளிலும், லண்டனிலும் ஜேர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் உள்ள வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றிலும் அந்த வேலையைச் செய்வது சுடுநீர். கொதிகலனில் சூடாகும் நீரைப் பம்பி ஒன்று குழாய்களின் ஊடாக அறைகளுக்கு அனுப்புகிறது. வீட்டை மேல்தளம், கீழ்த்தளம், நிலக்கீழ் அறை என்று வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வெப்பத்தைத் திறந்து மூடுவதற்குப் பயன்படுபவையே வலய வால்வுகள். சுவரிலுள்ள தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டால் வால்வு திறக்கும், போதுமென்றால் மூடும்.

சில வருடங்களுக்கு முன்னர் குளிர்காலம் ஒன்றில் கனடாவில் உறவினர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். அவருடைய தாயாருக்கு நிலக்கீழ் அறை ஒதுக்கப்பட்டிருந்தது. தனி வலயம், தனி தெர்மோஸ்டாட். ஆனால், இரவு பத்து மணிக்குப் பிறகு அந்தத் தெர்மோஸ்டாட்டைத் தாழ்த்திவிடுவார்கள். காரணம், அந்த வலயத்தின் வால்வு மூடுகின்ற ஒவ்வொரு தடவையும் சுவரைச் சம்மட்டியால் அடித்ததைப் போன்று குழாய்கள் அதிர்ந்தன. மேலே தொட்டிலில் உறங்கும் குழந்தை திடுக்கிட்டு எழுந்து அழுதது. எண்பது வயதைக் கடந்த அந்த அம்மாவிடம் கேட்டபோது, "எனக்குக் குளிரேல்லைத் தம்பி" என்றார். அவர் இரண்டு கம்பளிச் சட்டைகளை அணிந்திருந்தார்.

பிள்ளைகளின் வீட்டில் குறை சொல்லக்கூடாது என்று நினைக்கும் தலைமுறை அது. யாழ்ப்பாணத்து வெயிலில் எழுபது வருடங்கள் வாழ்ந்துவிட்டு வந்தவர்கள், தமக்குக் குளிர்கிறது என்று சொல்வதைக்கூட ஒரு தொந்தரவாகக் கருதுகிறார்கள். குளிர்காலத்தில் வீட்டினுள் வெப்பநிலை 18 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டல்கள் கூறுகின்றன. முதியவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படலாம். இரைச்சலிடும் வால்வு உள்ள வலயத்தை இரவில் நிறுத்திவிடுவதே வீட்டாருக்கு இலகுவான வழியாகத் தெரிகிறது. அதனால், வால்வின் சத்தத்தை வெறும் வசதிக்குறைவு என்று நான் கருதமாட்டேன்.

சத்தங்கள் பல வகைப்படும். வால்வை மாற்றுவதற்குப் பணம் செலவிடுவதற்கு முன்னர் அவற்றைப் பிரித்தறிவது அவசியம்.

முதலாவது, மூடும்போது எழும் அடிச்சத்தம். வட அமெரிக்காவில் பரவலாகப் பாவிக்கப்படும் ஹனிவெல் வி8043 போன்ற வால்வுகளில், மோட்டார் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். மின்சாரம் நின்றதும் சுருள்வில் அதை மூடிவிடும். நீரோட்டம் வால்வின் உடலிலுள்ள அம்புக்குறியின் திசையில் செல்லவேண்டும். மாறிப் பொருத்தப்பட்டால் ஓடும் நீரே அதை இழுத்து அறைந்து மூடிவிடும். நான் குறிப்பிட்ட வீட்டில் நடந்திருந்தது அதுதான். வால்வைத் திருப்பிப் பொருத்தியதும் அந்தச் சத்தம் நின்றது. இரண்டு குளிர்காலங்களாக ஒரு மூதாட்டி அனுபவித்த குளிருக்குப் பரிகாரம் சில மணிநேர வேலையாக இருந்தது.

இரண்டாவது, மோட்டாரின் முனகல். திறந்த நிலையில் அசையாது நின்றபடியே மின்சாரத்தைப் பெற்றுக்கொண்டிருக்கும் மோட்டார்கள், பழசாகும்போது வண்டு இரைவதைப் போல இரையும். மூன்றாவது, நீர் விரையும் சீறல். ஐந்து வலயங்களில் ஒன்று மாத்திரம் திறந்திருக்கும்போது, ஒரே வேகத்தில் ஓடும் பம்பி தனது அழுத்தம் முழுவதையும் அந்த ஒன்றின் மீதே செலுத்துகிறது. இதற்கு வால்வை மாற்றிப் பயனில்லை. தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பம்பியை அல்லது அழுத்தத்தைத் திருப்பிவிடும் மாற்றுவழி வால்வைப் பொருத்தவேண்டும். நான்காவது, குழாய்கள் சூடேறி விரியும்போது மரச்சட்டங்களில் உராய்ந்து எழும் 'டிக் டிக்' ஒலி. அதற்கும் வால்வுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது மின்சாரம். ஹனிவெல் வால்வு 24 வோல்ற்றில் 0.32 அம்பியரை, அதாவது ஏறத்தாழ 7.7 வோல்ற்று-அம்பியரைத் திறந்திருக்கும் நேரம் முழுவதும் எடுத்துக்கொள்கிறது. டாக்கோ நிறுவனத்தின் 570 தொடர் வால்வுகளில் மோட்டாருக்குப் பதிலாகச் சூடேறி விரியும் வெப்ப இயக்கி இருக்கிறது. மெதுவாகத் திறந்து மெதுவாக மூடுவதனால் அதில் அடிச்சத்தம் இல்லை. ஆனால், அதன் மின்தேவை 0.9 அம்பியர், அதாவது 21.6 வோல்ற்று-அம்பியர். அமைதிக்கு மின்சாரத்தினால் விலை கொடுக்கவேண்டியிருக்கிறது.

பணக் கணக்கில் இது பெரிய விடயமல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 7 வாற்று எடுக்கும் ஐந்து வால்வுகள் நாளொன்றுக்கு 12 மணிநேரம் வீதம் 180 நாட்கள் திறந்திருந்தால் செலவாவது சுமார் 75 அலகு மின்சாரம். அதற்காக நல்ல நிலையிலுள்ள வால்வுகளைக் கழற்றி எறியுமாறு நான் சொல்லமாட்டேன். ஆனால், இன்றைய சிக்கனமான சிறிய பம்பி ஒன்று முழுவேகத்தில் ஓடும்போதுகூட சுமார் 45 வாற்றுத்தான் எடுக்கிறது. வெப்ப இயக்கி வால்வுகள் ஐந்தும் ஒன்றாகத் திறந்தால் அவற்றின் தேவை 100 வோல்ற்று-அம்பியரைத் தாண்டுகிறது. வீடு முழுவதற்கும் நீரை அனுப்பும் பம்பியை விடவும், கதவைத் திறந்து பிடித்திருப்பவைக்குக் கூடுதல் மின்சாரம்!

மின்தடை ஏற்படும்போதுதான் இந்த வித்தியாசத்தின் பாரதூரம் தெரியும். 2013 டிசம்பரில் நத்தாருக்குச் சில தினங்கள் முன்னதாக ரொறன்ரோவைத் தாக்கிய உறைமழையினால் சுமார் 3 இலட்சம் மின்பாவனையாளர்கள் மின்சாரத்தை இழந்தார்கள். சில இடங்களில் அது ஒரு வாரத்துக்கும் மேல் நீடித்தது. வாயுவினால் எரியும் கொதிகலன் இருந்தாலும் பம்பிக்கும் வால்வுகளுக்கும் மின்சாரம் வேண்டும். மின்கலத்தை நம்பியிருக்கும் வீட்டில் ஒவ்வொரு வாற்றும் வெப்பம் நீடிக்கும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. (மின்பிறப்பாக்கியை எக்காரணம் கொண்டும் வீட்டினுள்ளோ வாகனத் தரிப்பிடத்தினுள்ளோ இயக்கக்கூடாது. அதன் புகை உயிர்கொல்லி.)

புதிதாகப் பொருத்துபவர்களுக்கு எனது அபிப்பிராயம் இதுதான்: பற்சில்லு மோட்டாரினால் மெதுவாகத் திரும்பும் பந்து வால்வைக் கேளுங்கள். அது திரும்பும்போது மாத்திரமே கணிசமான மின்சாரத்தை எடுக்கும். திறந்தபின் எடுப்பது மிகச் சொற்பம். டாக்கோவின் ஸோன் சென்ட்ரி போன்றவை, மின்சாரம் நின்றால் வால்வை மூடுவதற்கு வேண்டிய சக்தியைக் கொள்ளளவி ஒன்றில் சேமித்து வைத்திருக்கின்றன. விலை சற்று அதிகம். உள்ளே மின்னணுச் சுற்றும் இருக்கிறது. பழைய சுருள்வில் வால்வின் கைநெம்பைத் தள்ளி, மோட்டார் பழுதாகிப்போன இரவிலும் வலயத்தைத் திறந்துவைக்கமுடியும் என்பது அதற்குரிய பெருமை. ஆகவே, எதை வாங்கினாலும் கையால் திறக்கும் வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். நிலத்தடியில் குழாய் பதித்து வெப்பமூட்டும் ஐரோப்பிய வீடுகளுக்கு மெழுகு இயக்கிகளே போதுமானவை. திறப்பதற்குச் சில நிமிடங்கள் எடுத்தாலும் அவை சத்தமின்றி 1 முதல் 3 வாற்று மின்சாரத்துடன் வேலை செய்கின்றன.

பிளம்பர்கள் தமது வாகனத்தில் இருப்பதையே பொருத்துவார்கள். அதில் குற்றம் காண்பதற்கில்லை. எமது வீட்டில் யார் எங்கே உறங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது, எமக்குத் தெரியும். திறந்திருக்கும்போது எவ்வளவு மின்சாரம், மூடுவதற்கு எவ்வளவு நேரம், அம்புக்குறி எந்தப் பக்கம், ஒரு வலயம் மாத்திரம் திறந்தால் பம்பி என்ன செய்யும் என்று நான்கு கேள்விகளைக் கேட்பதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை.

அதற்கு முன்னதாக, இன்றிரவு நிலக்கீழ் அறைக்கு இறங்கிச்சென்று அங்கு தங்கியிருக்கும் பெற்றோரின் தெர்மோஸ்டாட் எந்த இலக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். குளிர்கிறதா என்று அவர்களிடம் கேட்டால், உண்மையான பதில் கிடைக்காது.