கயிறு கட்டினால் கோழையா?



முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் மே மாதக் கடைசியில், ஊருக்கு மேற்கே ஆடு மேய்க்கிற பாறையில் நம் வகுப்பு நண்பன் ஒருவன் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான் அல்லவா? அவனாக ஏறவில்லை. "உச்சிக்குப் போயிட்டா ஒரு செட் பரோட்டா" என்று பந்தயம் கட்டியது நான்தான். "கயிறு ஏதாச்சும் எடுத்துட்டு வரவா?" என்று அவன் கேட்டான். "கயிறு கட்டுனா நீ ஆம்பளையாடா?" என்று சிரித்ததும் நான்தான்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. பள்ளி திறந்ததும் அவனுக்கு நோட்டு எழுதிக் கொடுத்தேன். "நண்பன்னா இப்படி இருக்கணும்" என்று எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் கூசியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் பொங்கல் விடுமுறையில், பெங்களூரில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன் என்னைக் கர்நாடகாவில் உள்ள பாதாமிக்குக் கூட்டிப்போனான். சாளுக்கியர் தலைநகராக இருந்த ஊர். சிவப்பு மணற்பாறைக் குன்றுகளும் குடைவரைக் கோயில்களும் உண்டு. கோயில்களை விட்டுத் தள்ளி இருக்கும் பாறைகளில் ஏறிப் பழகுவதற்கு என்றே பல நாட்டுக்காரர்கள் அங்கே வருகிறார்கள்.

நாங்கள் ஏறிய பாறை ஒரு தென்னை மர உயரம்தான். "இவ்வளவுதானா?" என்று நினைத்தேன். பாறையில் ஆளுயரத்துக்கு ஒன்றாகத் துளை போட்டு, துருப்பிடிக்காத எஃகு போல்ட் முடுக்கி, காது மாதிரி ஒரு தகடு மாட்டியிருந்தார்கள். முதலில் ஏறுபவர் ஒவ்வொரு தகட்டிலும் கொக்கியை மாட்டி, அதில் தன் இடுப்புக் கயிற்றைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். கீழே ஒருவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பார். போல்ட்டைப் பிடித்து ஏறக்கூடாது, மிதிக்கவும் கூடாது. அது விழுந்தால் தாங்குவதற்கு மட்டும். ஏறுவது முழுக்க நம் கையும் காலும்தான்.

கடைசி போல்ட்டுக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கும்போது கை நழுவினால், போல்ட்டுக்குக் கீழே ஒரு மீட்டர் வரை, மொத்தம் 2 மீட்டருக்கு மேல் விழுவோம். கயிறு ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கிணற்றுக் கயிறு அப்படி நீளாது. வெடுக்கென்று இழுத்து இடுப்பையே உடைத்துவிடும். ஆகவே யாரும் வீட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்!

அண்ணன் முதலில் ஏறி, உச்சியில் இருந்த வளையத்தில் எனக்குக் கயிறு போட்டான். நான் ஏறினேன். பாதி உயரத்தில் விரல் நுனி மட்டும் பதிகிற ஒரு விளிம்பு. நான்கு முறை அங்கேயே நழுவி அந்தரத்தில் தொங்கினேன். "டேய் தம்பி, கையால இழுக்காதடா, காலைப் பாரு" என்று கீழிருந்து கத்தினான். ஐந்தாம் முறை வலது காலை முழங்கால் உயரத்துக்கு வைத்து, உடம்பைப் பாறையோடு ஒட்டி எழுந்தேன். பிடி கிடைத்தது!

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நம் ஊர்ப் பாறையில் என் நண்பனுக்கு முதல் முறை மட்டும்தான் இருந்தது. எனக்கு ஐந்தாம் முறை இருந்தது. அந்த வித்தியாசம்தான் கயிறு.

விழுந்தாலும் பிழைக்கிற இடத்தில்தான் எதையும் கற்றுக்கொள்ள முடியும் என்பது என் கருத்து. ஜெர்மனியில் வுல்ஃப்காங் குலிக் என்பவர் 1991-ல் 'ஆக்ஷன் டைரக்ட்' என்ற பாதையில் ஏறினார். உயரம் சுமார் 15 மீட்டர்தான். ஆனால் இரண்டு விரல் நுழைகிற குழியைத் தாவிப் பிடிக்க வேண்டும். அதற்காகவே மாதக்கணக்கில் விரலுக்குப் பயிற்சி எடுத்தார். போல்ட்டும் கயிறும் இருந்ததால்தான் விழுந்து விழுந்து முயற்சி செய்ய முடிந்தது. அவரைக் கோழை என்போமா?

"சித்ரதுர்கா கோட்டைச் சுவரில் ஜோதிராஜ் கயிறில்லாமல் ஏறுகிறாரே, அவர் நம்ம தேனி மாவட்டத்தில் பிறந்தவர்தானே" என்று சிலர் கேட்கலாம். அவருக்கு அது பல வருடப் பழக்கம். அமெரிக்காவில் அலெக்ஸ் ஹானல்ட், 2017-ல் சுமார் 900 மீட்டர் உயர எல் கேபிடன் பாறையில் கயிறில்லாமல் ஏறினார். ஆனால் அதற்கு முன் அதே பாதையில் கயிறு கட்டிப் பலமுறை ஏறிப் பழகியவர் அவர். வீடியோவில் கடைசி நாள்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

வெளிநாடு எதற்கு? நம் மலையில் வாழும் பளியர் மக்கள், காட்டுக் கொடியில் இறங்கி மலைத்தேன் எடுப்பவர்கள். நீலகிரியில் குறும்பர் தேன் எடுக்க இறங்கும்போது மேலே கயிற்றைக் காப்பது மைத்துனர் என்பார்கள். தங்கச்சி தாலிக்கு அவர்தானே பொறுப்பு! பரம்பரையாக மலையேறுகிறவர்களே கயிற்றையும், அதைப் பிடிக்கிற ஆளையும் நம்புகிறார்கள். பந்தயத்துக்கு ஏறுகிற நாம்தான் சிரிக்கிறோம்.

சரி, என்ன செய்யலாம்? நம் மலையில் போல்ட் அடிக்கச் சொல்லவில்லை. 2021 முதல் இந்தக் காடுகள் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அங்கே துளை போட நமக்கு உரிமையும் இல்லை, பயிற்சியும் இல்லை. நான் கேட்பது சின்ன விஷயம். விளையாட்டுத் திடலின் சுற்றுச்சுவரில் 20 அடி நீளத்துக்குக் கைப்பிடிக் கற்களைக் கொத்தனாரை வைத்துச் சிமெண்டில் பதிக்கலாம். கால் தரையிலிருந்து 2 அடிக்கு மேல் போகாமல், பக்கவாட்டில் மட்டும் நகர வேண்டும். கீழே ஆற்று மணல். கயிறே தேவையில்லை. நூறு முறை விழலாம்! தலைமையாசிரியர் ஐயாவும் உடற்கல்வி ஆசிரியரும் இதை யோசிக்க வேண்டுகிறேன். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே ஏறும் விளையாட்டு வந்துவிட்டது. 2024 பாரிஸில் இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 15 மீட்டர் சுவரை 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வாங்கினார். அவரும் கயிறு கட்டியவர்தான்.

நண்பர்களே, பந்தயம் கட்டுவது சுலபம். கட்டியவனுக்கு எலும்பு முறியாது. அடுத்த முறை யாராவது "கயிறு வேணுமா?" என்று கேட்டால் சிரிக்காதீர்கள்.

நண்பா, அந்தப் பரோட்டாவை நான் இன்னும் வாங்கித் தரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்து இந்த வெள்ளிக்கிழமை தருகிறேன். வருவாயா?

- பதினோராம் வகுப்பு மாணவன்