மனனமா, இரசாயனமா?

பரீட்சை நெருங்குகின்றது, மாதிரி வினாத்தாள்கள் எங்கணும் மலிந்துவிட்டன. உயர்தர மாணவன் விடைகளை மனனஞ் செய்கின்றான். மூல் என்பது யாதென வினவினாலோ விழிக்கின்றான். இதற்குப் பெயர் கல்வியா என்று நாம் கேட்கின்றோம்.

மூல் மந்திரமன்று, டசினைப் போன்றதோர் எண்ணிக்கை. எண்ணித் தீராத நுண்துணிக்கைகளை நிறுத்து அறியும் வழி அது. கமக்காரனின் பிள்ளைக்கு இதை விளக்கத் தாழ்வாரத்திற் கிடக்கும் யூரியா மூடையே போதும். யூரியா ஒரு மூல் 60 கிராம். அதில் நைதரசன் 28 கிராம். ஆகவே 50 கிலோ மூடையில் ஏறத்தாழ 23 கிலோ நைதரசன். கூட்டெருவிலோ 100 கிலோவுக்கு ஒன்றிரண்டு கிலோ தேறினாலே பெரிது. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்த ஆட்சியாளர் இந்தப் பள்ளிக்கூடக் கணக்கையேனும் போட்டுப் பார்த்தனரா? நவம்பரில் தடையைத் தளர்த்தினர். பெரும்போகம் அதற்குள் தொடங்கிவிட்டது. நட்டம் கமக்காரன் தலையில் விழுந்தது.

தமிழில் விஞ்ஞானம் விளங்காது என்பாரும் நம்மிடையே உளர். மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த சமுவேல் கிறீனின் 'கெமிஸ்தம்' 1875இலேயே தமிழில் அச்சேறியதை அவர்கள் அறியார் போலும்!

வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் நாம் கேட்பது இதுவே: பரீட்சைக்கு எஞ்சிய வாரங்களில், வாரத்துக்கொரு மாலை உங்கள் ஊர்ப் பாடசாலைக்குச் செல்லுங்கள். மூல், பிணைப்பு, ஒட்சியேற்றம் ஆகிய மூன்றையேனும் தெளிவாக்குங்கள். வினாத்தாளைக் கையிலெடுக்காதீர்கள், ஒரு தராசையும் ஒரு பிடி யூரியாவையும் எடுத்துச் செல்லுங்கள்.